தேள் ஈக்குப் பயந்தவள்

அக்ரூட் காட்டில் தேள் கிடையாது. இனோபத் இந்த ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து இதை அவளிடம் சொல்லாதவர்கள் யாருமில்லை. மலையடிவாரத்துக் குளிர், காயவே காயாத மண், மரத்துக்கு மரம் நிழல், தேளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன போயிற்று? அவர்களில் யாரும் சின்ன வயதில் உதறாத மெத்தையை மடிக்கப் போய் உள்ளங்கையில் கொட்டு வாங்கியதில்லை. வாயில் நுரை தள்ள, நாக்குத் தடித்து, உயிர் நிற்குமா போகுமா என்று கிடந்ததில்லை. இனோபத் கிடந்திருக்கிறாள்.

அவள் பிறந்தது கீழே சமவெளியில், அரவான் பக்கத்துப் பருத்தி ஊர். மண்சுவர் வீடு. கோடையில் படுக்கப் போகுமுன் மெத்தையை உதறுவதும் காலையில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுவதும் அங்கே முகம் கழுவுவதைப் போல அன்றாட வேலை. கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் அவள் மெத்தையைத் தூக்கி உதற, புருஷன் எகம்பெர்தி போர்வைக்குள்ளிருந்து தும்முவான்.

எகம்பெர்தி நல்லவன்தான். குத்தகைக்கு எடுத்த அக்ரூட் மரங்கள், சரிவில் கொஞ்சம் புல்வெளி, ஒரு குதிரை, இவைதான் அவன் உலகம். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டை ஆண்டவள் அவன் அக்கா மஸ்தூரா. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. வாய் இருந்தது, இரண்டு தெருவுக்குப் போதுமான வாய். தம்பி கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அவள் கெடுதல் எதுவும் செய்ததில்லை. ஆனால் கேலி செய்ய ஒரு காரணம் கிடைத்தால் அதை லேசில் விடுகிறவளும் இல்லை. இனோபத் வந்த முதல் கோடையிலேயே அப்படி ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மஸ்தூரா முற்றத்தில் மல்பெரிப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் கட்டையில் ஏதோ அசைவதை இனோபத் பார்த்தாள். மஞ்சளும் கறுப்புமான மெல்லிய உடம்பு. அதன் முடிவில் செம்பழுப்பு நிறத்தில் வீங்கிய ஒரு முடிச்சு. அந்த முடிச்சை அது முதுகுக்கு மேலே வளைத்துத் தூக்கியது. அவ்வளவுதான், இனோபத் போட்ட சத்தத்தில் கோழிகள் வேலி தாண்டின. மஸ்தூரா என்னவோ ஏதோ என்று கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். பார்த்தாள். பூச்சியின் இறக்கையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கித் தன் மூக்கின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துக்கடி," என்றாள், மூக்கை ஆட்டாமல். "கொட்டுதா? இது தேள் ஈ. வாலு மட்டும்தான் தேளு, மத்ததெல்லாம் வெறும் ஈ. எங்க ஊர்ல கைக்குழந்தைகூட இதப் புடிச்சு விளையாடும்."

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இனோபத்துக்குத் தேள் மருமகள் என்று பேர் விழுந்தது. கடைக்குப் போனால் கடைக்காரன் அரிசியை நிறுத்துக்கொண்டே, உள்ளே தேள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வாள்?

வீட்டுக்குள் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அது தூரம் பறக்கிற ஜாதி இல்லை. இலை விட்டு இலை தாவுவது போலத்தான் பறக்கும். ஜன்னலுக்குக் கீழே இடுப்பளவு வளர்ந்து கிடந்த காஞ்சொறிச் செடிதான் அதற்கு வீடு. அதை வேரோடு பிடுங்கினாள், கையெல்லாம் தடித்தது. மரத்தடியில் விழுந்து அழுகும் மல்பெரியை விடியும் முன்பே பெருக்கித் தள்ளினாள். ஜன்னல் கட்டையில் செத்துக் கிடக்கும் ஈக்களைத் தின்னத்தான் அது உள்ளே வருகிறது என்பதும், சிலந்தி வலையில் மாட்டிய பூச்சியைக்கூடத் திருடித் தின்னும் என்பதும் தெரிந்த பிறகு, வீட்டில் ஒரு வலை, ஒரு செத்த ஈ தங்க விடவில்லை. ஜன்னலுக்கு மெல்லிய வலைத்துணி வாங்கி அடித்தாள். மஸ்தூரா அந்தத் துணியை விரலால் சுண்டிப் பார்த்து, கல்யாண வீடுகூட இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றாள். அது பாராட்டா நக்கலா என்று தெரியவில்லை.

பிறகு அந்தக் கெட்ட நாள் வந்தது. பக்கத்து வீட்டு ரபோஹத்தின் மாமியார் இறந்து, வீட்டில் துக்கம் விசாரிக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஓதிக்கொண்டிருந்த நேரம், எல்லோரும் கையேந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். இனோபத்துக்கு முன்னால் இருந்தவளின் தலைத்துணியில், கழுத்துக்குப் பக்கத்தில், அந்த முடிச்சு வால் மெல்ல உயர்ந்தது. இனோபத் தன்னை மறந்தாள். "தேள்" என்று கத்திவிட்டாள். கூட்டம் சிதறியது. யாருடைய முழங்காலோ தேநீர்க் கெண்டியில் இடிக்க, கொதிக்கிற தேநீர் ரபோஹத்தின் கடைசிக் குழந்தை காலில் கொட்டியது.

குழந்தையின் கால் ஆறிவிட்டது. பேச்சு ஆறவில்லை. எகம்பெர்தி ரபோஹத்தின் வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றுவிட்டு வந்தான். வந்தவன் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. விரிப்பின் நடுவில் ஒரு முழு ரொட்டியை வைத்தான்.

"இதுல கை வெச்சுச் சொல்லு," என்றான். "இனிமே அந்த வார்த்தை உன் வாயில வராதுன்னு."

ரொட்டியின் மேல் செய்த சத்தியத்தை மீறினால் அந்த ரொட்டியே அடிக்கும் என்பார்கள். இங்கே யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இனோபத் கை வைத்துச் சொன்னாள். மஸ்தூரா அன்று கேலி செய்யவில்லை. ரொட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

வாயை அடக்கிவிடலாம். உடம்பு நடுங்குவதை எப்படி அடக்குவது? இனோபத் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊறுகாய் போடுகிற பெரிய கண்ணாடி ஜாடியைக் கழுவி, தோட்டத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேள் ஈயை அதற்குள் பிடித்தாள். துணியால் வாயைக் கட்டி அடுப்பங்கரையில் வைத்தாள். முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஆறு கால். பழுப்புப் புள்ளி போட்ட நாலு இறக்கை, எப்போதும் வெளியே தெரிகிற இறக்கை. குதிரை மூஞ்சியைப் போல நீண்டு கீழே தொங்கும் வாய். இன்னொன்றைப் பிடித்துப் போட்டபோது அதற்கு வால் முடிச்சே இல்லை, ஊசியாக முடிந்திருந்தது. ஆணுக்குத்தான் அந்த முடிச்சு, அதுவும் கொட்டுவதற்கில்லை, பெண்ணைப் பிடிப்பதற்கு என்று அவளே பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதைப் பார்த்த பிறகு அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கடைசியில் துணியை அவிழ்த்து, இறக்கையைப் பிடித்துத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே விட்டாள். ஜாடியைக் கழுவி மறுபடி ஊறுகாய்க்கு எடுத்து வைத்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அதோடு புதுக் கவலையும் வந்தது.

இங்கே பிள்ளையைத் தொட்டிலில் கட்டித்தான் வளர்ப்பார்கள். மரத் தொட்டில். முதுகுக்குக் கீழே உமி மெத்தை. கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்து, அகலத் துணியால் மார்பையும் காலையும் தொட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள். மேலே ஏழு துணி போர்த்துவார்கள். உள்ளே இருட்டு, வெதுவெதுப்பு, பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். இனோபத்தும் அப்படி வளர்ந்தவள்தான். இப்போது அதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் போயிற்று. முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால்கூடத் தட்டிவிடப் பிள்ளைக்குக் கை இல்லை. இருட்டுக்குள் எது ஊர்ந்தாலும் வெளியே தெரியாது. பிள்ளையின் கையை மட்டும் கட்டாமல் விடலாமா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். கட்டாத பிள்ளை கால் கோணித்தான் வளரும் என்று மஸ்தூரா பேச்சை முடித்தாள்.

வசந்தத்தில் பெண் குழந்தை பிறந்தது. முனிசா என்று பேர் வைத்தார்கள். நாற்பது நாள் கழிந்ததும் தொட்டில் விருந்துக்கு நாள் குறித்தார்கள். தலைப்பிள்ளைக்குத் தொட்டிலும் படுக்கையும் தாய் வீட்டுச் சீர். இனோபத்தின் அம்மா ஓய்தின், பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து போர்வை போர்வையாகத் தைத்திருந்தாள். தொட்டிலைச் சீக்கிரமே வாங்கி, வீட்டுச் சாமான் அறையில், மண்தரையில், சாக்கு போட்டு மூடிப் பத்திரமாக வைத்திருந்தாள். மெத்தைக்கு உமிகூடச் சொந்தக் குதிரிலிருந்து எடுத்தது. வேன் மேல் தொட்டிலைக் கட்டிக்கொண்டு அவள் வந்து இறங்கியபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் போர்வைகளைப் பிரித்துப் பார்த்துத் தையலைத் தடவிப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இனோபத்துக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அந்த நிறைவில் அவள் ஒன்றைச் செய்யத் தவறினாள். தினமும் தன் மெத்தையை உதறுகிறவள், அம்மா கொண்டுவந்த மெத்தையை உதறவில்லை. இந்த ஊரில் தேள் இல்லை என்பதை ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். அந்த மெத்தை இந்த ஊரிலிருந்து வரவில்லை என்பது யாருக்குமே தோன்றவில்லை.

பிள்ளையைத் தொட்டிலில் கட்டிவிட ரபோஹத்தை அழைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளையெல்லாம் உயிரோடு இருக்கிற கை, அந்தக் கைதான் முதல் கட்டுக் கட்ட வேண்டும். துக்க வீட்டில் நடந்தது இதோடு மறக்கட்டும் என்ற எண்ணமும் எகம்பெர்திக்கு இருந்தது. அவன் முற்றத்தில் பெரிய கொப்பரையில் புலாவ் கிண்டிக்கொண்டிருந்தான். உள்ளே கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. இனோபத் அடித்து வைத்த வலைத்துணியைக் காற்று வரவில்லை என்று யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். தட்டுத் தட்டாக மல்பெரிப் பழமும் பாகும் இருக்கும்போது தேள் ஈ வராமல் இருக்குமா? வந்தது. நேராகத் தொட்டிலின் மேல்கட்டையில் உட்கார்ந்து வாலைத் தூக்கியது.

எல்லோர் பார்வையும் இனோபத்தின் மேல். ரபோஹத் கையிலிருந்த கட்டுத்துணியை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். இனோபத் எழுந்தாள். பூச்சியைப் பார்த்தாள், இறக்கையைப் பிடித்தாள், ஜன்னல் வழியே வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தி கை தட்டினாள். தேள் மருமகள் இன்றோடு செத்தாள், இனி வேறு பேர் தேட வேண்டும் என்று மஸ்தூரா சொல்ல, ரபோஹத்கூடச் சிரித்தாள். ஓய்தினுக்கு எதுவும் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள்.

சடங்கு தொடங்கியது. ரபோஹத் வேண்டுமென்றே பிள்ளையைத் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்து, இப்படியா என்று கேட்டாள். இல்லை, திருப்பு என்று பெண்கள் கூவினார்கள். மறுபடி தப்பாக வைத்தாள், மறுபடி கூவல். மூன்றாவது தரம் சரியாக வைத்ததும் எல்லோரும் வாழ்த்தினார்கள். முனிசா விழித்துக்கொண்டுதான் இருந்தாள், அழவில்லை. ரபோஹத் கைகளை ஒட்டி வைத்து, மார்புத் துணியை இழுத்து இறுக்கி முடிந்தாள். காலுக்கும் முடிந்தாள். திருஷ்டி கழிக்கிற மூலிகையைக் கங்கு மேல் போட்டு, புகைகிற சட்டியை மஸ்தூரா தொட்டிலுக்கு அடியில் மெல்ல ஒருமுறை கொண்டுபோய் எடுத்தாள். புகை மெத்தை வழியாக மேலே கசிந்தது. போர்த்த வேண்டிய ஏழு துணியும் ஓய்தின் மடியில் தயாராக இருந்தன.

இனோபத் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். பிள்ளையின் இடது தோளுக்கும் தலையணைக்கும் நடுவே, புகை பொறுக்காமல், ஒரு வால் வெளியே வந்தது.

முதலில் அவள் அசையவில்லை. இன்னொரு ஈ என்றுதான் அவள் மனமும் சொன்னது. பிறகு கண் தானாகவே இறக்கையைத் தேடியது. ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து பழகிய கண். இறக்கை இல்லை. துணிக்கு அடியில் மறைந்திருக்குமோ? அது முழுசாக வெளியே வந்து வெள்ளைக் கட்டுத்துணியின் மேல் ஏறியது. வைக்கோல் நிறம். தட்டையாக, வயிறு படிய ஊர்ந்தது. முன்னால் இரண்டு கொடுக்கு. தொங்கும் வாய் இல்லை. பிள்ளையின் கழுத்து மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்று, வாலை வளைத்தது.

கத்தலாம். கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரபோஹத் துள்ளுவாள், தொட்டில் ஆடும், கட்டிப்போட்ட பிள்ளை உதறும், உதறினால் அது கொட்டும். கத்தாமல் மெல்லச் சொல்லலாம். சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கையால் தட்டுவார்கள். இதையெல்லாம் அவள் நினைத்து முடிக்குமுன் எதிர்ப்பக்கத்திலிருந்து மஸ்தூராவும் அதைப் பார்த்துவிட்டாள். பிறந்ததிலிருந்து இந்தக் காட்டைத் தாண்டி ஒரு கோடையைக் கழிக்காதவள் மஸ்தூரா. வால் தூக்கிய எதைப் பார்த்தாலும் அவளுக்கு அது ஈதான்.

"இந்தா, இன்னொருத்தன் வந்துட்டான் சீர் வாங்க," என்று சிரித்தபடி இரண்டு விரலை நீட்டினாள். "இருடி, இவன நான் பாத்துக்கறேன்."

இனோபத் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், எலும்பு நோக. வலது கையைத் தாழ இறக்கி, பிள்ளையின் தோளோடு வழித்து, அதை உள்ளங்கைக்குள் வாரி மூடினாள்.

மூடிய கைக்குள் நெருப்பு வைத்தது போல் இருந்தது. உடனே இன்னொரு தரம். அவள் உதட்டைக் கடித்தாள். ஒரு சத்தம் வரவில்லை. ஒரு சாதாரண ஈக்குக் கூரை பிய்யக் கத்தியவள், மெல்ல எழுந்து, பெண்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே நடந்தாள். இன்னொன்றையும் கொண்டுபோய் விடுகிறாள், நல்லா வாழட்டும் என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போனதும்தான் கையை விரித்தாள். அது கல்லின் மேல் விழுந்தது. காலால் நசுக்கினாள். மஸ்தூரா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பின்னால் வந்தாள். அவ்வளவு பெண்கள் முன்னால் கையை முறிக்கிற திமிர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டுக் கல்லையே பார்த்தாள்.

"இதுக்கு எறக்கை எங்கடி?"

"இதுக்குக் கிடையாதுக்கா," என்றாள் இனோபத். பல் கிட்டிக்கொண்டு வந்தது. "இதுதான் அது."

அந்த வார்த்தையை அவள் அப்போதும் சொல்லவில்லை. மஸ்தூரா அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். இரண்டு சிவந்த புள்ளி, சுற்றிலும் வெளுத்து வீங்கிக்கொண்டிருந்தது. தம்பியைக் கூப்பிட வாயெடுத்தாள். இனோபத் தடுத்தாள்.

"என்ன விடுங்கக்கா, நான் செத்துட மாட்டேன். பிள்ளையத் தூக்குங்க. இது மெத்தைக்குள்ள இருந்து வந்துச்சு, உள்ள இன்னும் இருக்கலாம். ஏழு துணியும் போட்டு மூடிட்டா ஒண்ணும் தெரியாது." மூச்சு வாங்கினாள். "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். பேத்திக்கு அவங்க கையாலயே கொண்டுவந்தாங்கன்னு தெரிஞ்சா அந்த மனுஷி உயிர் வெச்சிருக்க மாட்டாங்க. இங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போதும், எங்க வீட்டுச் சீரு மேல அந்தப் பேர் நிக்கும்."

கூடத்திலிருந்து வாழ்த்துப் பாட்டு கேட்டது. துணி போர்த்தும்போது பாடுவது. மஸ்தூரா திரும்பி ஓடினாள்.

இனோபத் கையைத் தண்ணீர் வாளிக்குள் முக்கியபடி வாளியையும் இழுத்துக்கொண்டு கூடத்து ஜன்னல் வரைக்கும் வந்து நின்றாள். தோள்பட்டை வரை மரத்துப்போய் வலித்தது. உள்ளே ரபோஹத் மூன்றாவது துணியைப் போர்த்திவிட்டிருந்தாள். மஸ்தூரா அதைப் பிடுங்கித் தூர எறிந்தாள். மற்றதையும் எறிந்தாள். குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். விரல் வழுக்கியது, பல்லால் இழுத்தாள். முதல் கட்டை அவிழ்ப்பது நல்லதில்லை என்று ரபோஹத் அவள் கையைப் பிடித்தாள். ஓய்தின் முகம் கறுத்துப்போய் எழுந்துவிட்டாள். சீரில் என்ன குறை கண்டார்கள், சொல்லிவிட்டுச் செய்யட்டும் என்றாள். எல்லோரும் மஸ்தூராவின் வாயைப் பார்த்தார்கள். எந்தச் சபையிலும் பதில் தேடாத வாய் அது.

மஸ்தூரா பிள்ளையை விடுவித்துத் தூக்கி, மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"அந்தத் தேள் ஈ மெத்தைக்குள்ள பூந்துருச்சு. எனக்குப் பயமா இருக்கு."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ரபோஹத் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர, ஒருத்தர் முதுகில் ஒருத்தர் அடித்துச் சிரித்தார்கள்.

"மூக்கு மேல வெச்சுக்கிட்டு ஊரச் சுத்துனவ நீதானடி," என்றாள் ரபோஹத். "இப்ப என்ன வந்துச்சு உனக்கு? தம்பி பொண்டாட்டி பயத்த விட்டா, அது உன்னப் புடிச்சிருச்சா?"

"புடிச்சிருச்சு," என்றாள் மஸ்தூரா. "சிரிங்க. நல்லாச் சிரிங்க. எனக்குப் பயமா இருக்கு, இந்த மெத்தையில பிள்ளையப் போட விட மாட்டேன்."

பிள்ளையை ரபோஹத்தின் கையில் திணித்துவிட்டு, மெத்தை, தலையணை, ஓய்தின் பார்த்துப் பார்த்துத் தைத்த போர்வைகள் எல்லாவற்றையும் ஓரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ரொட்டி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. போர்வைகளை ஒவ்வொன்றாக உதறித் தள்ளினாள். மெத்தையையும் தலையணையையும் அப்படியே அடுப்புக்குள் எறிந்தாள். துணி கருகிப் பிரிய, உமியோடு ஒன்று அடுப்பின் வாய்க்கு ஏறி வந்து வாலைத் தூக்கி நின்றது. மஸ்தூரா கம்பியால் அதை உள்ளே தள்ளினாள். மூன்று தரம் குறி தவறியது. உள்ளே பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த முரட்டுப் பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூச்சியிடம் பயம் வந்திருந்தது. அந்தப் பயத்தோடுதான் அவள் அடுப்பின் முன்னால் நின்றாள், கடைசி உமி எரிகிற வரை.

மஸ்தூராவின் பழைய மெத்தையை மடித்துத் தொட்டிலில் போட்டுப் பிள்ளையைக் கட்டினார்கள். மிட்டாயும் அக்ரூட் பருப்பும் இறைத்தார்கள். விருந்தும் நடந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் அன்று ஒரே பேச்சுத்தான். தேநீர் ஊற்ற வந்த மஸ்தூராவிடம், கோப்பைக்குள் ஈ இருக்கிறதா பார் என்றார்கள். அவள் பார்ப்பது போலப் பார்த்து, இல்லை என்று சொல்லி ஊற்றினாள். இனோபத் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகைச்சட்டியில் சுட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். வலி நெஞ்சுவரை ஏறியது. ஒவ்வொரு தரம் பெண்கள் மஸ்தூராவைப் பார்த்துச் சிரித்தபோதும் அவளுக்கு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து மஸ்தூரா முறைத்த முறைப்பில் அப்படியே அடங்கினாள். எகம்பெர்திக்கு மட்டும் விஷயம் போயிருந்தது. வேன் கிளம்பிய உடனே ஊசி போட அழைத்துப்போகக் குதிரையைக் கொட்டகை மறைவில் சேணம் போட்டு நிறுத்தியிருந்தான்.

சாயங்காலம் அம்மாவை வழியனுப்ப இனோபத் வேன் வரைக்கும் நடந்தாள். ஓய்தின் உள்ளே ஏறி உட்கார்ந்தும் ஆறவில்லை.

"கை வெச்ச இடத்துல நெருப்பு இருக்கான்னு பாக்கத் தெரியாதாடி உனக்கு?" என்று முதலில் மகளைத் திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த நாத்தனாரோட எப்படிக் குப்பை கொட்டற? ஒரு ஈக்குப் பயந்துக்கிட்டு என் மெத்தைய அடுப்புல போட்டாளே, அவளும் ஒரு மனுஷியா? இப்படிப்பட்டவ இருக்கற வீட்டுல உன் பிள்ளைய விட்டுட்டுப் போக எனக்கு மனசே வரல."

இனோபத் நல்ல கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிட்டாள். மகள் பிரிவுக்கு அழுகிறாள் என்று ஓய்தினும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க இருக்கற வீடும்மா," என்றாள் இனோபத். "அங்க என் பிள்ளைக்கு எந்தப் பயமும் இல்ல."